தோண்டத் தோண்ட உப்பு

லட்சத்தீவின் பங்காரத்தில் கூடாரமடித்துத் தங்க வருபவர்கள் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். தீவைத் தாங்கி நிற்பதோ காலுக்குக் கீழே மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படலம்.

பங்காரம் தீவைப் பற்றிய சுற்றுலா விளம்பரங்களில் மூன்று விஷயங்கள் அநேகமாகத் தவறாமல் இடம்பெறும். மாவு போன்ற வெள்ளை மணல். பச்சையும் நீலமுமாக அடுக்கடுக்காக நிறம் மாறும் கடல். தென்னைகளுக்கு அடியில் ஒரு கூடாரம். அந்தத் தீவில் நான்காவதாக ஒன்றும் இருக்கிறது. அதைத் தேடிச் சென்று யாரும் படம் எடுத்துக்கொள்வதில்லை. தீவின் நடுவே, தாழம்புதர்களும் தென்னைகளும் சூழ, அலையே இல்லாமல் கிடக்கும் ஒரு குளம். கடற்கரையிலிருந்து சில நிமிட நடை. தண்ணீர் லேசாகக் கரிக்கும். முழுக்க நன்னீரும் இல்லை, முழுக்கக் கடலும் இல்லை. பங்காரத்தின் கதையை, ஏன், லட்சத்தீவு முழுவதின் கதையையும், அந்தக் குளத்தின் சுவையை வைத்தே சொல்லிவிடலாம்.

கொச்சிக்கு மேற்கே அரபிக்கடலில் 220 முதல் 440 கி.மீ. தொலைவு வரை சிதறிக் கிடக்கின்றன லட்சத்தீவின் 36 தீவுகள். மொத்தப் பரப்பு 32 சதுர கி.மீ. பழைய சென்னை மாநகராட்சி எல்லைக்குள் ஐந்து லட்சத்தீவுகளை வைத்துவிடலாம். நிரந்தரமாக மக்கள் வசிப்பது பத்துத் தீவுகளில்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மொத்தம் 64,473 பேர். 1956 நவம்பர் 1ஆம் தேதி தனி யூனியன் பிரதேசம் ஆகும்வரை இந்தத் தீவுகளின் கோப்புகள் சென்னைக்குத்தான் வந்துகொண்டிருந்தன. அமினித் தீவுக் கூட்டம் தென் கன்னட மாவட்டத்தோடும், தெற்கே உள்ள மற்றவை மலபார் மாவட்டத்தோடும் சேர்க்கப்பட்டிருந்தன. லட்சத்தீவு என்ற பெயர் வந்தது 1973ல்.

பங்காரத்தில் ஊர் கிடையாது. அண்டை வீடு போல இருக்கும் தின்னகராவிலும் கிடையாது. இரண்டையும் ஒரே பவழ வேலி சுற்றி வளைத்திருக்கிறது. வேலிக்கு உள்ளே இடுப்பளவும் ஆளுயரமுமாகக் கிடக்கும் அமைதியான கடலைத்தான் லகூன் என்கிறார்கள். எட்டு கி.மீ. தள்ளியிருக்கும் அகத்தித் தீவு மக்கள் தேங்காய் பறிக்கவும் மீன் பிடிக்கவும் இங்கே வந்துபோவது பழைய வழக்கம். பிறகு சுற்றுலாவுக்கு விடுதி வந்தது. இப்போது கூடார முகாம்கள்.

போய்ச்சேருவதே ஒரு சடங்கு. 1967ஆம் ஆண்டு விதிகளின்படி வெளியார் எவரும் நுழைவு அனுமதி பெற வேண்டும். காவல்துறைச் சான்றிதழ், புகைப்படங்கள், படிவங்கள் என்று ஒரு கட்டுக் காகிதம். அதன் பிறகு கொச்சியிலிருந்து கப்பலில் ஓர் இரவுக்கு மேல், அல்லது சிறிய விமானத்தில் அகத்திக்கு ஒன்றரை மணி நேரம். அகத்தி விமான ஓடுபாதையின் இரு பக்கமும் கடல். விமானம் தண்ணீரில்தான் இறங்குகிறது என்று கடைசி நிமிடம் வரை தோன்றும். அங்கிருந்து படகு.

படகு பவழ வேலியைத் தாண்டி லகூனுக்குள் நுழைந்ததும் என்ஜின் சத்தத்தைத் தவிர எல்லாம் அடங்கிவிடுகிறது. அடித்தரையில் கிடக்கும் கடல் அட்டைகள்கூட மேலிருந்து தெளிவாகத் தெரிகின்றன. இந்தத் தீவுகளில் நாய்கள் இல்லை, அதனால் இரவில் குரைப்பு இல்லை. மணலில் சங்கைச் சுமந்து ஊரும் முனிவன் நண்டுகள்தான் கூடார வாசலுக்கு வரும் விருந்தாளிகள். சில இரவுகளில், அலை கரையில் உடையும்போது, அதிலுள்ள நுண்ணுயிர்கள் மினுங்கி மணல் ஓரம் நீலமாக ஒளிர்கிறது. விளம்பரக்காரர்கள் இதில் பொய் எதுவும் சொல்லவில்லை.

ஆனால் கூடாரம் என்றதும் நமக்குத் தோன்றுவது நான்கு முளை, ஒரு கான்வாஸ் துணி, பக்கத்தில் விறகடுப்பு. இன்றைய சுற்றுலாக் கூடாரம் அதுவல்ல. கட்டில், மெத்தை, மின்விசிறி, பின்பக்கம் பளபளக்கும் குளியலறை, தலைக்கு மேலே ஷவர். துணிச் சுவர் கொண்ட ஓட்டல் அறை என்பதே பொருத்தம். கட்டடம் இல்லாததால் தீவுக்குப் பாரம் இல்லை என்பது இதற்குச் சொல்லப்படும் நியாயம். பார்வைக்கு அது உண்மை. தண்ணீர்க் கணக்கில் அது உண்மையா என்பதுதான் கேள்வி.

அந்தக் கணக்கை முதலில் போட்டுக் காட்டியவர் முகாமில் வேலை செய்யும் அகத்திக்காரர் ஒருவர். லகூனில் மூன்று மணி நேரம் ஊறிவிட்டு வந்த ஒரு கூட்டம் ஷவர்களைத் திறந்துவிட்டு உள்ளே பாடிக்கொண்டிருந்தது. அவர் சிரித்துக்கொண்டே மலையாளத்தில் சொன்னதன் சாரம் இது: "கடலில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் குளிக்கட்டும். அதற்கு எங்களிடம் கணக்கில்லை. வந்து உப்பைக் கழுவ ஒரு வாளி போதும். எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்."

லட்சத்தீவில் ஆறு இல்லை, ஓடை இல்லை, மலை இல்லை. கடல் மட்டத்துக்கு மேல் நிலத்தின் உயரம் சராசரியாக ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர்தான். அப்படியானால் நடுக்கடலில் குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது? ராமேஸ்வரம் கோயில் தீர்த்தங்களில் நீராடியவர்களுக்கும், தனுஷ்கோடி மணலில் கையால் பள்ளம் பறித்து நல்ல தண்ணீர் அள்ளுவதைப் பார்த்தவர்களுக்கும் பாதி விடை தெரிந்திருக்கும். பெய்யும் மழை மணலில் இறங்குகிறது. கீழே ஏற்கனவே கடல்நீர் ஊறி நிற்கிறது. நன்னீர் எடை குறைந்தது, கடல்நீர் அதைவிட ஏறக்குறைய 2.5 சதவீதம் கனமானது. ரசத்தின் மேல் நெய் மிதப்பது போல மழைநீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. நடுவில் தடித்தும் ஓரங்களில் மெலிந்தும் இருப்பதால் நிபுணர்கள் இதை நன்னீர் வில்லை என்கிறார்கள்.

இந்த மிதப்புக்கு ஒரு கணக்கு உண்டு. 1888ல் ஹாலந்தின் பாடன் கைபனும் 1901ல் ஜெர்மனியின் ஹெர்ஸ்பெர்கும் தனித்தனியே கண்டுபிடித்தது. கடல் மட்டத்துக்கு மேல் நன்னீர் எவ்வளவு உயரம் நிற்கிறதோ, அதைப்போல சுமார் 40 மடங்கு ஆழத்துக்குக் கீழே நன்னீர் இருக்கும். 25 சென்டிமீட்டர் மேலே இருந்தால் கீழே 10 மீட்டர். கேட்க லாபமான ஏற்பாடாகத் தோன்றும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். மேலே 10 சென்டிமீட்டர் குறைந்தால், கீழிருந்து உப்பு 4 மீட்டர் ஏறி வரும். இது ஏட்டுக் கணக்கு. நிஜத்தில் பவழப் பாறை சல்லடை போன்றது. இரண்டு நீரும் கலந்து நிற்கும் உவர் அடுக்கு ஒன்று நடுவில் இருக்கிறது, அந்த அளவுக்கு நல்ல தண்ணீர் குறைவு.

தமிழ் படித்தவர்களுக்கு மணற்கேணி என்றதும் வள்ளுவர் நினைவு வரும். கல்விக்கு அவர் உவமை சொன்ன கேணி தோண்டிய அளவுக்கு ஊறும். லட்சத்தீவில் அந்த உவமை செல்லாது. இங்கே தோண்டத் தோண்ட உப்பு. ஆழமாகத் தோண்டாதவனுக்கும் மெதுவாக இறைப்பவனுக்கும்தான் நல்ல தண்ணீர்.

பங்காரத்தின் நடுக்குளம் இந்த வில்லை வெளியே தலைகாட்டும் இடம். நிலம் தாழ்ந்து நிலத்தடி நீரைத் தொடுவதால் குளமாகியிருக்கிறது. மழை பெய்தால் கரிப்பு குறையும், கோடையில் வெயில் உறிஞ்சக் கூடும். தாழைக்கு இந்தச் சுவை ஒத்துப்போகிறது. நம் நெய்தல் நிலத்துத் தாழைதான், வேரை ஊன்றுகோல்களாக நட்டு நிற்கிறது. கரையில் நின்று பார்த்தால் சாதாரணக் குட்டை. ஆனால் தீவின் காலுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பதை இதைவிட நேராகக் காட்டும் இடம் வேறில்லை.

மக்கள் வாழும் தீவுகளில் இந்த அறிவு வீட்டுப் பழக்கமாகவே இருந்திருக்கிறது. அகத்தியில் தோப்பும் வீடும் சேர்ந்த ஒவ்வொரு மனையிலும் ஒரு கிணறு பார்க்கலாம். ஆழமில்லாத கிணறுகள், குனிந்தால் நம் முகம் தெரியும். கடலில் ஏற்றவற்றம் வரும்போது கிணற்று நீரும் மெல்ல ஏறி இறங்குகிறது. பள்ளிவாசல்களை ஒட்டிக் குளங்கள். தொழுகைக்கு முன் கைகால் சுத்தம் செய்ய அவைதான். கவரத்தியில் மரவேலைப்பாட்டுக்குப் பெயர்பெற்ற உஜ்ரா பள்ளிவாசலின் கிணற்று நீருக்கு நோய் தீர்க்கும் குணம் உண்டு என்பது நம்பிக்கை. நல்ல தண்ணீரே அதிசயமாக இருக்கும் ஊரில் அது புனிதமாவதில் வியப்பில்லை.

"வாளியால் இறைத்தவரை எங்கள் கிணறு ஏமாற்றியதில்லை" என்றார் அகத்தியில் ஒரு குடும்பத் தலைவி. சூரைமீனை வேகவைத்து உலர்த்திய மாஸ் (தூத்துக்குடிக்காரர்களின் மாசி) பொடித்துத் தேங்காயோடு வதக்கிக்கொண்டே பேசினார். "மோட்டார் போட்டு ஒரேயடியாக இழுத்தால் மறுநாள் காலைத் தேநீரிலேயே தெரிந்துவிடும்." அவர் நாக்கால் சொன்னதற்குக் காரணம் எளிது. வேகமாக உறிஞ்சும்போது நன்னீர் பக்கவாட்டிலிருந்து வந்து நிரம்ப நேரம் கிடைப்பதில்லை. நேர்கீழே இருக்கும் உப்புநீர் கூம்பு போல எழும்பி வருகிறது. ஒரு முறை உப்பேறிய கிணறு மறுபடி தெளிய மழைதான் வரவேண்டும்.

இப்போது கூடாரத்துக்குத் திரும்புவோம். லட்சத்தீவில் ஆண்டுக்குச் சுமாராக 1,600 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். இருபது சதுர மீட்டர் இடத்தை அடைத்து நிற்கும் ஒரு கூடாரத்தின் மேல் ஆண்டு முழுவதும் விழும் மழை 32,000 லிட்டர். நம் நகரங்களுக்கு அரசு வகுத்திருக்கும் குடிநீர் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர். அந்த அளவில் இரண்டு பேர் செலவழித்தால் ஒரு வருடத்து மழை 118 நாட்களில் தீர்ந்துவிடும். அதுவும் ஒரு சொட்டு விடாமல் சேமித்தால். நிஜத்தில் வெயிலும் மரங்களும் பெரும் பங்கை எடுத்துக்கொண்ட பிறகே மிச்சம் மண்ணுக்குள் இறங்குகிறது.

இதில் இன்னொரு சிக்கல் காலம். மழை ஜூனில் தொடங்கி ஆண்டுக் கடைசி வரை வருகிறது. பருவமழையின்போது கடல் கொந்தளிப்பதால் பயணிகள் வருவதில்லை. அக்டோபர் முதல் மே வரைதான் சுற்றுலாக் காலம். அதில் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் கண்ணாடி போலத் தெளிந்திருக்கும். படங்களுக்கு அருமையான நாட்கள். நன்னீர் வில்லை மெலிந்துகொண்டே போகும் நாட்களும் அவைதான். விருந்தினர் வருவது பானை காலியாகும் நேரத்தில்.

குழாயைத் திறப்பது பாதிக் கதை. வடிகால் மறுபாதி. பவழ மணலில் எதுவும் தங்காது. சோப்பு நுரையோ கழிவறைத் தொட்டியின் கசிவோ சில அடி இறங்கினால் அதே நன்னீரைத் தொட்டுவிடும். மக்கள் நெருங்கி வாழும் தீவுகளில் கழிவுத் தொட்டிகளின் பக்கத்துக் கிணறுகள் கெடுவது ஏற்கனவே பெரிய கவலை. எங்கிருந்து எடுக்கிறோமோ அங்கேயே கொட்டுகிறோம்.

கடல்நீரைக் குடிநீராக்கலாமே என்பவர்களுக்கு லட்சத்தீவு நல்ல பதிலே வைத்திருக்கிறது. அதன் முகவரி சென்னை பள்ளிக்கரணை. அங்குள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் 2005ல் கவரத்தியில் நாளுக்கு ஒரு லட்சம் லிட்டர் தரும் ஆலையை நிறுவியது. மேல்மட்டக் கடல்நீர் இதமான சூட்டில் இருக்கிறது. காற்றழுத்தத்தைக் குறைத்தால் அந்தச் சூட்டிலேயே அது ஆவியாகும். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குழாயில் ஏற்றிய குளிர்ந்த நீரைக் கொண்டு ஆவியை மறுபடி நீராக்குகிறார்கள். ரசாயனம் தேவையில்லை. 2011ல் மினிக்காய்க்கும் அகத்திக்கும் வந்தது. கட்மத் ஆலையைப் பிரதமர் நரேந்திர மோடி 2024 ஜனவரி 3ஆம் தேதி தொடங்கிவைத்தார். பாராட்ட வேண்டிய சாதனை. ஆனால் பம்புகள் ஓட மின்சாரம் வேண்டும். தீவுகளின் மின்சாரம் பெரும்பாலும் கப்பலில் வரும் டீசலில் பிறப்பது. இந்தத் தண்ணீர் தீவுவாசிகளின் சமையலுக்கும் குடிக்கவும் என்று அளந்து வைக்கப்பட்டது, ஷவர்களுக்கு என்று அல்ல.

அதே ஜனவரிப் பயணத்தில் பிரதமர் வெளியிட்ட படங்களுக்குப் பிறகு நாடெங்கும் லட்சத்தீவு பேச்சாகிவிட்டது. வருமானம் வேண்டும் என்பதில் தீவு மக்களுக்கும் மாற்றுக் கருத்து இல்லை. தேங்காயையும் சூரைமீனையும் மட்டும் நம்பிப் பிள்ளைகளைக் கரைக்குப் படிக்க அனுப்ப முடியாது. படகோட்டுபவர், சமைப்பவர், ஆழ்கடல் நீச்சல் கற்றுத்தருபவர் எல்லோருக்கும் முகாம் வேலை தருகிறது. முகாமில் பேசிய இளைஞர் ஒருவர் இதை மறைக்கவில்லை: "ஆட்கள் வரட்டும், நல்லதுதான். எத்தனை பேர் என்பதைக் கிணறு முடிவு செய்யட்டும்." அகத்தியின் ஒரு விடுதி தொடர்பான வழக்கில் 2012ல் உச்சநீதிமன்றம் நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் தலைமையில் குழு அமைத்து, தீவுகளின் மேலாண்மைத் திட்டங்களை ஆராயச் சொன்னது. அவர் பெயரைக்கூட அந்த இளைஞர் கேள்விப்பட்டிருக்க மாட்டார். பிரச்சினையின் மையத்தை இருவரும் ஒரே இடத்தில்தான் தொடுகிறார்கள்.

கிணற்றைக் காப்பது வாளி மட்டுமல்ல. வெளியே நிற்கும் பவழ வேலி இன்னும் பெரிய காவல். அலையின் வேகத்தை அது வாங்கிக்கொள்வதால்தான் உள்ளே மணல் நிற்கிறது, மணல் நிற்பதால்தான் நன்னீர் நிற்கிறது. 1998, 2010, 2016, 2024 என்று கடல் சூடேறிய ஆண்டுகளில் இங்கே பவழங்கள் பெருமளவில் வெளுத்தன. பங்காரத்தோடு ஒரே வேலிக்குள் இருந்த பரளி-1 என்ற சிறு திட்டு, 1968ல் நிலமாக இருந்தது. 2017ல் வெளிவந்த ஆய்வு அது முழுவதும் கரைந்துவிட்டதைப் பதிவு செய்தது. 1847ல் கல்பேனியையும் அந்த்ரோத்தையும் சூறையாடிய புயலைத் தீவுகள் இன்னும் மறக்கவில்லை. 2017 டிசம்பரில் ஒக்கி வந்தது. புயல் அலை ஒரே ஒரு தடவை நிலத்தின் மேல் ஏறி இறங்கினால் போதும், உப்பு மேலிருந்தே வில்லைக்குள் இறங்கிவிடும்.

இதற்கெல்லாம் கூடாரத்தில் மூன்று இரவு தங்குபவர் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். கடலின் சூட்டை அவரால் குறைக்க முடியாது. ஆனால் ஷவரை விட்டு வாளிக்கு மாறலாம். துவாலையையும் விரிப்பையும் தினமும் துவைக்கப் போடாமல் இருக்கலாம். சோப்பைக் குறைக்கலாம். பிளாஸ்டிக் பாட்டில்களைத் தன் பையிலேயே கரைக்குத் திருப்பி எடுத்துவரலாம். பவழத்தின் மேல் காலூன்றி நின்று படம் எடுப்பதைத் தவிர்க்கலாம். ஜனவரிக்குப் பதில் மழை ஓய்ந்த கையோடு வரலாம். முகாம் நடத்துபவர்களிடம், மழைநீர்த் தொட்டி எங்கே, கழிவு எங்கே போகிறது என்று கேட்கலாம். காசு கொடுப்பவர் கேட்கும் கேள்விக்கு எப்போதும் மரியாதை உண்டு. நேரம் இருந்தால் நடுக்குளம் வரை ஒரு நடை நடந்து, விரல் நனைத்து நாக்கில் வைத்துப் பார்க்கலாம்.

லட்சத்தீவு செல்ல நிரப்ப வேண்டிய படிவத்தில் பெயர், பிறந்த தேதி, அடையாளச் சான்று, குற்ற வழக்கு உண்டா என்பது வரை எல்லாம் கேட்கிறார்கள். நாளொன்றுக்கு எத்தனை வாளி என்று மட்டும் கேட்பதில்லை. இப்போதைக்கு அந்த இடத்தைப் பயணிகளே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான்.